ஊசியக்காவின் தம்பி

அந்த ரத்தப் பரிசோதனை நிலையத்துக்குக் காலையில் வெறும் வயிற்றோடு வருகிறவர்களில் பாதிப் பேர் சீட்டு வாங்கும்போதே கேட்பார்கள்: "ஊசியக்கா இருக்காங்களா?" இருக்கிறாள் என்றால்தான் உட்காருவார்கள். விடுப்பு என்றால், நாளைக்கு வருகிறோம் என்று படியிறங்கிவிடுகிறவர்களும் உண்டு. பில் போடும் பெண்ணுக்கு இதில் எப்போதும் ஒரு கடுப்பு. "ஏன், மத்தவங்க குத்துனா மட்டும் தண்ணியா வரப்போகுது?" என்று முணுமுணுப்பாள்.

ஊசியக்காவின் கை அப்படி. சதை போட்ட கையில் ஆழத்தில் ஒளிந்திருக்கும் நரம்பும் சரி, வயதானவர்களின் கையில் தொட்டால் நழுவி ஓடும் நரம்பும் சரி, அவள் விரலுக்கு அகப்பட்டுவிடும். ரப்பர் பட்டையை இறுக்கி, ஆள்காட்டி விரலால் இரண்டு தட்டுத் தட்டி, "கடைசியா எப்ப வயிறு வலிக்கச் சிரிச்சீங்க?" என்று கேட்பாள். ஆள் யோசித்து முடிப்பதற்குள் ஊதா மூடிக் குழாயும் சிவப்பு மூடிக் குழாயும் நிரம்பியிருக்கும். "முடிஞ்சுதா?" என்று ஏமாந்த மாதிரி கேட்பவர்களிடம், "பத்தலன்னா சொல்லுங்க, இன்னொரு கையிலயும் குத்திவிடறேன்" என்பாள். பஞ்சை வைத்து, கையை மடக்கிவிட்டு, அடுத்த ஆளைப் பார்ப்பாள். பதினான்கு வருடமாக இதே வேலை, இதே ஜன்னலோர நாற்காலி.

வயது முப்பத்தேழு. கல்யாணம் ஆகவில்லை. அப்பா வேறு ஊரில் வேறு குடும்பமாகிப் போனவர். அம்மா போய்ச் சேர்ந்தபோது தம்பிக்கு ஐந்து வயது, இவளுக்கு இருபத்து மூன்று. பெண் பார்க்க வந்த இரண்டு வீட்டிலும் ஒரே பேச்சு: "பையனை எங்கயாவது ஹாஸ்டல்ல சேத்துடலாமே?" இரண்டாவது வீட்டுக்காரர்களை, தண்ணீரைக்கூடக் குடிக்க விடாமல் இவளே எழுந்து போய்க் கதவைத் திறந்துவிட்டாள். அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. இவளும் தேடவில்லை.

திரைச்சீலைத் துணிக்கடைக்கு மேலே ஓர் அறையும் சமையலறையும்தான் வீடு. வெளியே இரும்புப் படிக்கட்டு. தம்பி ஏறி வந்தால் தடதடவென்று கட்டடமே அறிந்துகொள்ளும். கம்ப்யூட்டர் படிப்பில் சேர்த்தாள், இரண்டாம் வருடம் நின்றுவிட்டான். கேட்டால், "அங்க சொல்லித் தர்றதெல்லாம் செத்துப்போன பாடம்கா" என்றான். அதன் பிறகு கையில் போன்தான். ஒரு மூன்றுகால் தாங்கியில் அதை மாட்டி, தெருவில் எதையாவது செய்து, படம்பிடித்துப் போடுவான். பஸ் நிறுத்தத்தில் மழையே இல்லாமல் குடை பிடித்துக்கொண்டு, "நனையாதீங்க, வாங்க" என்று முன்பின் தெரியாதவர்களைக் கூப்பிடுவான். நல்ல வேடிக்கைக்காரன்தான். ரத்தம் கொடுக்க வருகிறவர்கள் கண்ணை மூடிப் பல்லைக் கடிக்கிற தினுசை வீட்டில் நடித்துக் காட்டும்போது அக்காவுக்குச் சோறு புரையேறும். ஆனால் அதையெல்லாம் போட்டால் நாற்பது பேர் பார்ப்பார்கள். மிஞ்சிப்போனால் அறுபது. அதில் ஐந்தாறு தடவை அக்காவே பார்த்தது.

ஒருநாள் சந்தையிலிருந்து வந்த ஓர் அம்மாளின் வெங்காயப் பையைப் பிடுங்கிக்கொண்டு பத்தடி ஓடி, திரும்பி வந்து கொடுத்தான். அந்த அம்மாள் அவன் ஏழு தலைமுறையையும் இழுத்து வாய் வலிக்கத் திட்டினாள். அந்த வீடியோவை ஒன்பதாயிரம் பேர் பார்த்தார்கள்.

"அக்கா, ஒம்பதாயிரம்கா! பாதிப் பேரு என்னத் திட்டியிருக்கான். திட்டுறதுக்காகவாவது பாக்குறான்ல?"

"வெக்கமா இல்லியாடா உனக்கு?" என்று கேட்டுவிட்டு, அந்த அம்மாள் செருப்பைத் தேடிய இடத்தில் ஊசியக்காவும் சிரித்துவிட்டாள். அவளுடைய சிரிப்பைப் பார்த்து அவன் முகம் மலர்ந்தது. அன்றைக்கு நான் சிரித்திருக்கக் கூடாது என்று பிற்பாடு எத்தனையோ தடவை தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

அந்த வருடக் கோடையில் மெத்தைக் கிடங்கு ஒன்று பற்றி எரிந்தது. தீயணைப்பு வீரர் ஒருவர் உள்ளே சிக்கியிருந்த நான்கு பேரை ஒவ்வொருவராக வெளியே கொண்டுவந்தார். இன்னும் ஓர் ஆள் இருக்கிறான் என்று யாரோ கத்த, மறுபடி உள்ளே போனார். கூரை இறங்கிவிட்டது. அந்த ஐந்தாவது ஆள் முன்னாலேயே பின்பக்கச் சுவரேறித் தப்பித்திருந்தான் என்பது மறுநாள்தான் தெரிந்தது. ஊரே அழுதது. நாற்சந்தியில் ஆளுயரத்துக்கு அவர் படத்தை வைத்தார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக வந்து பூ வைத்தார்கள், மெழுகுவத்தி ஏற்றினார்கள். ஊசியக்காவும் வேலைக்குப் போகிற வழியில் ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போனாள்.

நான்காம் நாள் காலை பத்தரை மணி இருக்கும். ஒருவர் இடது கையை நீட்டிவிட்டு, வலது கையில் போனைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பட்டையைக் கட்டி ஊசியைக் கையில் எடுத்தாள். அவர் பல்லைக் கடித்தார். "பாருங்கம்மா இந்த நாய!" என்று போனை அவள் பக்கம் திருப்பினார்.

இருபத்திரண்டு வினாடிதான் அந்த வீடியோ. நாற்சந்தி, பூக்குவியல், படம். தம்பி ஒரு தண்ணீர் பாட்டிலோடு மூச்சிரைக்க ஓடி வருகிறான். மூடியைத் திறந்து படத்தின் மேல் தண்ணீரை வீசுகிறான். மெழுகுவத்திகள் அணைகின்றன. "சாரிண்ணே, கொஞ்சம் லேட்டாயிருச்சு" என்று கண்ணடித்துச் சிரிக்கிறான்.

"இதெல்லாம் யார் பெத்த புள்ளயோ" என்றார் அவர்.

"ஆமா" என்றாள் ஊசியக்கா.

அன்றைக்கு அவருக்கு இரண்டாவது தடவை குத்த வேண்டியிருந்தது. பதினான்கு வருடத்தில் அவள் கை தவறியதை பில் போடும் பெண் பார்த்தது அதுதான் முதல் தடவை. குழாயில் பேர் ஒட்டிவிட்டு, கழிவறைக்குள் போய்த் தாழ்போட்டுத் தம்பிக்கு போன் போட்டாள்.

"எடுத்துட்டேன்கா, நான் எடுத்துட்டேன். காலைலயே டெலிட் பண்ணிட்டேன்." குரல் சின்னப் பையன் குரலாகியிருந்தது. "மத்தவங்க அத எடுத்துப் போட்டுட்டே இருக்காங்க. நான் ஒண்ணும் பண்ண முடியலக்கா."

"ஏன்டா? ஏன்டா அப்படிப் பண்ண?"

"ஜோக்குன்னு நெனச்சேன்."

"கதவச் சாத்திட்டு உள்ளயே இரு. நான் வர்றேன்."

அவள் இரண்டு பஸ் மாறி வருவதற்குள் ஊர் அவனைக் கண்டுபிடித்துவிட்டது. வெங்காய வீடியோவில் பின்னால் தெரிந்த துணிக்கடைப் பெயர்ப்பலகையை வைத்து யாரோ தெருவைச் சொன்னான். இன்னொருவன் வீட்டைச் சொன்னான். துணிக்கடைக்காரர் கடைக் கண்ணாடிக்குப் பயந்து ஷட்டரை இறக்கிவிட்டார். இரும்புப் படியில் இருபது பேர் ஏறிய சத்தம் அடுத்த தெருவுக்குக் கேட்டதாம்.

ஊசியக்கா வந்தபோது வீட்டுக் கதவு கீல் பிடுங்கிக் கிடந்தது. ஆள் இல்லை. நாற்சந்திக்கு இழுத்துப் போயிருக்கிறார்கள் என்று கீழே ஒருவர் சொல்ல, செருப்பை விட்டுவிட்டு ஓடினாள். கூட்டத்தை விலக்கிப் போக முடியவில்லை. "கொஞ்சம் வழி விடுங்க, கொஞ்சம் வழி விடுங்க" என்று ஒவ்வொருவர் தோளாகத் தட்டினாள். எல்லாக் கைகளும் போனைத் தூக்கிப் பிடித்திருந்தன, யாரும் அசையவில்லை. முன்னால் நின்றவரின் போன் திரைக்குள்தான் தம்பியைப் பார்த்தாள். அவன் படத்துக்கு முன்னால் முட்டி போட்டிருந்தான். சட்டை கிழிந்திருந்தது. ஒருவர் அவன் இடது கன்னத்தில் ஓங்கி அறைந்தார். "சத்தமா சொல்லு!" என்று கத்தினார். அவன் மன்னிப்புக் கேட்டான். "இன்னும் சத்தமா!" மறுபடி அதே பக்கம் அறை. மூன்றாவது அறைக்குப் பிறகு அவன் வாய் மட்டும் அசைந்தது.

போலீஸ் வந்து ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய், சாயங்காலம் எழுதி வாங்கிக்கொண்டு விட்டார்கள். காதோரம் ரத்தம் காய்ந்திருந்தது. ஆயிரக்கணக்கானவர் ரத்தத்தைக் கையாண்டவள், அந்த ஒரு கோட்டைத் துடைக்க முடியாமல் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து பஞ்சைக் கையிலேயே வைத்திருந்தாள். செவிப்பறை கிழிந்துவிட்டது என்றார் காது டாக்டர். சிலருக்குத் தானாக மூடிக்கொள்ளுமாம். இவனுக்கு மூடவில்லை. அந்தக் காதில் எல்லாம் தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்கிற மாதிரி இருக்கிறது என்றான். அவன் அறை வாங்கிய வீடியோவை, அவன் போட்டதைப் போல மூன்று மடங்கு பேர் பார்த்தார்கள்.

மறுநாள் ஊசியக்கா வேலைக்குப் போனாள். போகாமல் என்ன செய்வது? அதற்குள் அவள் எங்கே வேலை பார்க்கிறாள் என்பதும் வெளியே வந்திருந்தது. பில் போடும் பெண் போனை எடுத்து எடுத்துக் களைத்துப் போயிருந்தாள். "ரத்தம் குடிக்கிற குடும்பத்த வச்சிருக்கீங்களே" என்று ஒருத்தர். "அவ ஊசில என்னத்தக் கலக்கறாளோ" என்று ஒருத்தர். இந்தப் பக்கமே வந்திராத ஊர்க்காரர்களெல்லாம் இணையத்தில் இந்த நிலையத்துக்கு ஒற்றை நட்சத்திரம் போட்டிருந்தார்கள்.

அதெல்லாம்கூட அவளுக்கு உறைக்கவில்லை. சர்க்கரைக்காக மாதா மாதம் வருகிற ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர், எட்டு வருடப் பழக்கம், வழக்கம்போல எதிரே உட்கார்ந்து கையை நீட்டினார். முழங்கைக்கு மேல் பட்டையைக் கட்டப் போனபோது கையை மெல்ல உருவிக்கொண்டார்.

"வேற யாராவது எடுக்கட்டும்மா. தப்பா நெனச்சுக்காத."

"பரவால்ல டீச்சர்" என்று எழுந்து இடம் கொடுத்தாள். பில் போடும் பெண், அத்தனை நாள் அவள்மேல் கடுப்பாயிருந்தவள், அன்றைக்குத் தன் டிபன் டப்பாவைத் திறந்து பாதியை மூடியில் வைத்து அவள் பக்கம் நகர்த்தினாள்.

செய்தித்தாளில் அந்தத் தீயணைப்பு வீரர் சீருடை இல்லாமல், பிள்ளைகளோடு நிற்கும் படம் ஒன்று வந்தது. அரைக்கைச் சட்டை. ஊசியக்காவுக்குத் திக்கென்றது. முகத்தைவிட அந்தக் கை அவளுக்குத் தெரிந்த கை. முழங்கை மடிப்புக்குக் கீழே பழைய தீக்காயத்தின் பளபளப்பு. இரண்டு வருடத்துக்கு முன்னால் தீயணைப்பு நிலையத்திலிருந்து மொத்தப் பேரும் வருடாந்திரப் பரிசோதனைக்கு வந்திருந்தார்கள். இந்த மனிதர் வரிசையில் கடைசிக்குக் கடைசிக்கு நழுவிக்கொண்டே போனார். உட்கார்ந்ததும் வேர்த்துக் கொட்டியது. "சிஸ்டர், ஊசின்னா எனக்குக் கொஞ்சம் அலர்ஜி. ஸ்டேஷன் பசங்க கிட்ட சொல்லிராதீங்க" என்று காதோடு சொன்னார். சொல்லவில்லை. சுவரைப் பார்க்கச் சொல்லிவிட்டு எடுத்து முடித்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தம்பியிடம்கூடச் சொல்லாமல் கிளம்பி, விசாரித்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனாள். வாசலில் நான்கைந்து பேர் போனோடு நின்றார்கள். கதவைத் திறந்தது அவர் மனைவிதான். தூக்கமில்லாத கண். யாரென்று சொன்னதும் கதவின் மேலிருந்த கை இறுகியது. பிறகு வெளியே நின்றவர்களைப் பார்த்துவிட்டு, "உள்ள வாங்க" என்றாள்.

ஒரு சின்னப் பெண் தரையில் படுத்து ஏதோ வரைந்துகொண்டிருந்தாள். உள்ளறையில் இன்னொரு குழந்தை தூங்கியது. வழியெல்லாம் மனப்பாடம் செய்து வைத்திருந்த பேச்சை விட்டுவிட்டு, ஊசியக்கா அந்தப் பெண் வரைவதையே பார்த்து நின்றாள்.

"மன்னிப்புக் கேக்க வந்தீங்களா?" என்றாள் அந்த மனைவி.

"ஆமாம்மா."

"தம்பி அனுப்புனானா?"

"அவனுக்குத் தெரியாது."

"அவன வரச் சொல்லாதீங்க. பாக்கற தெம்பு எனக்கில்ல." வாசல் கதவைத் தாழ்போட்டுவிட்டு வந்து தரையில் உட்கார்ந்தாள். "அவன அடிச்சாங்களே, அந்த ஆளு நேரா இங்கதான் வந்தாரு. உங்களுக்காக அடிச்சேன்மான்னு சொல்லி, பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துக்கணும்னாரு. நான் கேட்டேனா? அப்ப என் புருஷன் செத்து நாலு நாளு. நான் யாரையும் அடிக்கச் சொன்னேனா?"

ஊசியக்கா என்ன நினைத்தாளோ, வாயில் வந்ததைச் சொல்லிவிட்டாள்: "அவருக்கு நான் ஒரு தடவ ரத்தம் எடுத்திருக்கேன். ஊசின்னா ரொம்பப் பயந்தாரு."

அந்த மனைவி நிமிர்ந்து பார்த்தாள். "எப்ப?"

சொன்னாள். வரிசையில் நழுவியது, வேர்த்தது, அலர்ஜி என்றது, எல்லாவற்றையும். கேட்கக் கேட்க அந்த மனைவியின் வாய் கோணிற்று. சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. இரண்டும்தான். "எனக்கு மட்டும்தான் தெரியும்னு நெனச்சிட்டிருந்தேன்" என்றாள். "இவளுக்குத் தடுப்பூசி போடற அன்னிக்கெல்லாம் வேணும்னே டியூட்டி வாங்கிட்டுப் போயிருவாரு. ஊரு இப்ப சிங்கம்னு எழுதுது." முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். ஊசியக்கா தரையில் அவளுக்கு அருகே உட்கார்ந்தாள். தொடவில்லை. சின்னப் பெண் வந்து அம்மாவின் மடியில் தலைவைத்துக்கொண்டாள்.

எழுந்தபோது அந்த மனைவி வாசல்வரை வந்தாள். "உங்க தம்பிய நான் மன்னிக்கல. பொய் சொல்ல எனக்கு வரல. நீங்க வந்ததுக்குக் கோபமில்ல."

"சரிம்மா."

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் வெளியே வந்ததுமே, அங்கே நின்றவர்கள் படம்பிடித்தார்கள். அன்று மாலைக்குள் அதுவும் ஊர் சுற்றியது. 'தம்பி அவமானப்படுத்தினான், அக்கா நாடகமாடினாள்' என்று மேலே எழுதியிருந்தார்கள். கண்ணீர் ஒரு பக்கம்தான் வருகிறது, கிளிசரின் போட்டிருப்பாள் என்று ஒருவர் ஆராய்ச்சியே செய்திருந்தார்.

திங்கட்கிழமை டாக்டரம்மா தன் அறைக்குக் கூப்பிட்டாள். அந்த நிலையத்தை நடத்துகிறவள், ஊசியக்காவுக்கு வேலை கற்றுக் கொடுத்தவளும் அவள்தான். மேசை மேலிருந்த பேனாவை மூடுவதும் திறப்பதுமாக இருந்தாள்.

"உன்ன நான் போகச் சொல்லல."

"தெரியும் டாக்டர்."

"கொஞ்ச நாள் அடங்கற வரைக்கும்..."

"நானே எழுதிக் குடுத்துடறேன் டாக்டர். உங்க வாயால சொல்ல வேணாம்."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். ஊசியக்கா தன் அலமாரியிலிருந்து தண்ணீர் பாட்டிலையும் ஒரு சீப்பையும் எடுத்துக்கொண்டாள். ஜன்னலோர நாற்காலியில் புதிதாகச் சேர்ந்த பெண் உட்கார்ந்து ஒரு தாத்தாவின் கையில் நரம்பைத் தேடிக்கொண்டிருந்தாள். "கொஞ்சம் கீழ, வெளிப்பக்கமா தட்டிப் பாரும்மா" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

ஊரின் கோபம் இன்னும் ஆறு நாள் இருந்தது. ஏழாம் நாள் யாரோ ஒரு நடிகையின் கல்யாணம் முறிந்த செய்தி வந்து, எல்லாரும் அந்தப் பக்கம் போய்விட்டார்கள்.

துணிக்கடைக்காரர் வீட்டைக் காலி செய்யச் சொன்னார். நகரத்தின் மறுகோடியில் வேறு வீடு பார்த்தார்கள். ஊசியக்கா இப்போது வீடு வீடாகப் போய் ரத்தம் எடுக்கிற வேலை செய்கிறாள். படுக்கையில் கிடக்கும் முதியவர்கள்தான் பெரும்பாலும். முகக்கவசம் போட்டுக்கொள்வாள். பேர் கேட்டால் அம்மா வைத்த பேரைச் சொல்வாள். ஊசியக்கா என்று கூப்பிட அங்கே ஆளில்லை. தம்பி ஒரு கிடங்கில் அட்டைப்பெட்டி ஒட்டுகிறான். பட்டன் போன்தான் வைத்திருக்கிறான். வீட்டில் பேச்சு குறைந்துவிட்டது. வேடிக்கை காட்டுவதெல்லாம் நின்றுபோயிற்று. அவன் படியேறி வருவதே தெரிவதில்லை, அவ்வளவு மெதுவாக வருகிறான். ஒரு தடவை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "அந்தம்மா என்ன சொன்னாங்க?" என்று கேட்டான். உள்ளது உள்ளபடி சொன்னாள். மன்னிக்கவில்லை என்பதையும் சொன்னாள். தட்டைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினான்.

ஒன்றரை வருடம் கழித்து, ஒரு சனிக்கிழமை மத்தியானம், இருவரும் காது டாக்டரைப் பார்த்துவிட்டு பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். எதிர் சீட்டில் கல்லூரிப் பையன்கள் இரண்டு பேர் இவனையே பார்த்துக் குசுகுசுத்தார்கள். ஊசியக்கா தம்பியை நெருங்கி உட்கார்ந்தாள். அடிக்கப் போகிறார்கள் என்றுதான் நினைத்தாள். ஒருவன் எழுந்து வந்தான்.

"ப்ரோ, நீங்கதான அது? அந்தத் தண்ணி பாட்டில்?"

தம்பி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"செம தில்லு ப்ரோ உங்களுக்கு. இன்னிக்கும் எங்க குரூப்ல அதான் ஓடுது. ஒரே ஒரு செல்ஃபி ப்ரோ." இன்னொருவன் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இவன் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்தான்.

ஊசியக்கா கையை நீட்டித் தடுக்கப் போனாள். தம்பி அவள் கையைப் பிடித்துக் கீழே இறக்கினான். அந்தப் பையனை ஏறிட்டுப் பார்த்து, "அவருக்கு எத்தன குழந்தைங்கன்னு தெரியுமா?" என்று கேட்டான்.

"யாருக்கு ப்ரோ?"

"ரெண்டு" என்றான் தம்பி. "பெருசுக்கு இப்ப ஏழு வயசு இருக்கும்."

பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவனுக்குச் சிரிப்பு வந்து, அது பாதியில் நின்றது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப் போய்விட்டார்கள். இறங்கின பிறகும் ஒருவன் ஜன்னல் பக்கம் போனை நீட்டிப் படம்பிடித்துக்கொண்டிருந்தான்.

தம்பி முகத்தை உள்ளங்கைகளால் மூடிக் குனிந்துகொண்டான். தோள் குலுங்கிற்று. அடி வாங்கிய நாளிலும் அவன் அழுது அவள் பார்க்கவில்லை. ஊசியக்கா அவன் முதுகில் கையை வைத்தாள். அவர்கள் இறங்க வேண்டிய இடம் வந்தது, கண்டக்டர் குரல் கொடுத்தார். அவள் எழுந்திருக்கவில்லை. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, வெயிலில் இருவரும் வந்த வழியே திரும்பி நடந்தார்கள்.